மூழ்கும் மலையும் வளரும் தீவும்

‘எம்டன்’ என்ற பெயரைக் கேட்டிராத தமிழர் குறைவு. 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசிவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. துணிச்சலும் தந்திரமும் மிக்க ஆளை ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் நம் ஊர்களில் சொல்கிறார்கள். அந்தக் கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலான ‘சிட்னி’யிடம் அடிபட்டு, தரைதட்டி அழிந்தது. அது அழிந்த இடம் இந்துமாக்கடலின் நடுவே கிடக்கும் கோகோஸ் தீவுகள். கீலிங் தீவுகள் என்ற பெயரும் அவற்றுக்கு உண்டு.

ஆனால் எம்டன் அங்கே போவதற்கு 78 ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கப்பல் அத்தீவுகளில் பன்னிரண்டு நாள் தங்கிச் சென்றது. அக்கப்பலில் வந்தவர்கள் எந்த நகரத்தின்மீதும் குண்டு வீசவில்லை. ஈயக் குண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். அதனால் உலகக் கடல்களின் பெரும்புதிர் ஒன்றுக்கு விடை துலங்கியது. அந்தக் கதையை இங்கே காண்போம்.

நடுக்கடலில் ஒரு வளையம்

அக்கப்பலின் பெயர் ‘பீகிள்’. சுமார் 90 அடி நீளமே உள்ள பாய்க்கப்பல். எழுபதுக்கும் மேற்பட்டோர் அதில் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்தனர். கப்பல் தலைவர் இராபர்ட் பிட்ஸ்ராய். உடன் வந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் டார்வின். 1831 டிசம்பர் 27இல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது டார்வினுக்கு வயது 22. தென் அமெரிக்காவைச் சுற்றி, பசிபிக் கடலைக் கடந்து, ஆஸ்திரேலியாவை விட்டுக் கிளம்பி, 1836 ஏப்ரல் முதல் நாள் கப்பல் கோகோஸ் தீவுகளை அடைந்தபோது அவருக்கு வயது 27.

தேசப்படத்தில் இத்தீவுகளைத் தேடிப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 12 பாகையில், ஜாவாத் தீவுக்குத் தென்மேற்கே சுமார் 1,000 கிலோமீட்டர் தொலைவில் ஒரு புள்ளியாகத் தெரியும். மொத்தம் 27 சிறு தீவுகள். எல்லாம் சேர்ந்தும் நிலப்பரப்பு 14 சதுர கிலோமீட்டரே. தெற்கே உள்ள தீவுகள் மாலையில் கோத்த மணிகள்போல ஒரு வளையமாக நிற்கின்றன. வளையத்துக்கு உள்ளே ஆழம் குறைந்த, அமைதியான பச்சைநிறக் காயல். வெளியே இரைந்து மோதும் பெருங்கடல். சற்று வடக்கே தனியாக மற்றொரு சிறு வளையம்; எம்டன் தரைதட்டியது அங்கேதான்.

இத்தகைய வளையத்தை வட்டப் பவளத்திட்டு என்கிறோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் ‘அடோல்’ என்ற சொல், நம் அண்டை நாடான மாலத்தீவின் மொழியிலிருந்து போனது.

தலைகீழ் உலகம்

தீவில் இறங்கிய கப்பலோட்டிகள் கண்ட காட்சிகள் விந்தையானவை. தென்னை மரங்கள் தீவு முழுவதும் அடர்ந்திருந்தன. பன்றி, வாத்து, கோழி எல்லாமே தேங்காயைத் தின்று கொழுத்தன. நண்டுகூடத் தேங்காய் தின்றது!

ஆம், வாசகர்களே, தேங்காய் நண்டு என்பது கற்பனையன்று. தரையில் வாழும் பெரிய நண்டு அது. தேங்காயின் மூன்று கண்கள் இருக்கும் பக்கத்து நாரை முதலில் இழை இழையாகப் பிய்த்தெடுக்கிறது. பிறகு கனத்த முன்கொடுக்கால் ஒரு கண்ணின்மீது திரும்பத் திரும்பத் தட்டித் துளைபோடுகிறது. அடுத்து உடலைத் திருப்பி, பின்னங்காலின் மெல்லிய கொடுக்கை உள்ளே விட்டுப் பருப்பை எடுக்கிறது. தேங்காய்க்கு எந்தப் பக்கம் மென்மையான கண் உண்டு என்பதை நம் வீட்டுப் பெண்கள் அறிவார்கள். இந்த நண்டும் அறிந்திருக்கிறது.

கல்லைத் தின்னும் மீன்களும் அங்கே இருந்தன. கிளியின் அலகுபோன்ற வாயால் பவளப்பாறையைக் கடித்து மேயும் மீன்கள் அவை. சிலவற்றை அறுத்துப் பார்த்தபோது, குடல் நிறையப் பவளத் துண்டுகளும் அரைபட்ட சுண்ணாம்புக் கூழும் இருந்தன. ஆமை பிடிக்கும் முறையும் புதுமையாக இருந்தது. பாய் விரித்த சிறு படகில் ஆமையைத் துரத்திச் செல்வார்கள். அது களைத்ததும் ஒருவர் தண்ணீரில் பாய்ந்து, ஓட்டைப் பற்றிக்கொண்டு அதன் முதுகில் தொற்றிக்கொள்வார்.

இவற்றைவிட வியப்பானது கிணறு. நாற்புறமும் உப்புக்கடல், சில அடி உயரமே உள்ள மணல்தீவு. அங்கே தோண்டினால் குடிக்கத்தக்க நன்னீர்! அதோடு, கடல் ஏறும்போது கிணற்று நீரும் ஏறியது. கடல் இறங்கும்போது அதுவும் இறங்கியது. கடலோடு தொடர்புள்ள நீர் உப்புக்கரிக்காமல் இருப்பது எப்படி?

டார்வின் தந்த விளக்கம் எளியது. பவள மணலும் பாறையும் கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்தவை. அதன் அடியில் கடல்நீர் ஊறி நிற்கிறது. மேலே பெய்யும் மழைநீர் அதைவிட இலேசானது. ஆகவே அதன்மேல் மிதக்கிறது. அடியிலுள்ள உப்புநீர் ஓதத்தால் ஏறி இறங்கும்போது, மேலே மிதக்கும் நன்னீரும் சேர்ந்து ஏறி இறங்குகிறது. மணல் நடுவே இருப்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. பின்னாளில் பொறியாளர்கள் இதற்குக் கணக்கே கண்டார்கள். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். இராமநாதபுரக் கடற்கரையில் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுப்பதன் அடிப்படையும் இதுவே.

தீவின் மனிதர்கள்

இந்த விந்தைகளுக்கு நடுவே வாழ்ந்த மனிதர்களின் நிலை இனிமையானதாக இல்லை. 1826இல் அலெக்சாண்டர் ஹேர் என்ற ஆங்கிலேயர், மலாய்த் தீவுகளைச் சேர்ந்த அடிமைகளோடும் பெண்களோடும் இங்கே குடியேறினார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக்காரரான ஜான் கிளூனிஸ் ராஸ் வந்தார். இருவருக்கும் பகை மூண்டது, ஹேர் வெளியேறினார். பீகிள் வந்தபோது ராஸ் ஊரில் இல்லை. அவருடைய உதவியாளர் லீஸ்க் என்பவரே விருந்தினர்க்குத் தீவைப் பற்றிய செய்திகளைச் சொன்னார். மலாய் மக்கள் பெயரளவில் விடுதலை பெற்றவர்கள், ஆனால் பெரும்பாலானவற்றில் அடிமைகளாகவே கருதப்படுகிறார்கள் என்று டார்வின் குறித்துவைத்தார்.

அவர் கண்டது நெடுங்காலம் நீடித்தது. ராஸ் குடும்பம் ஐந்து தலைமுறை தீவை ஆண்டது. தென்னந்தோப்பில் வேலை செய்தவர்களுக்குக் கூலியாகத் தீவின் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் வில்லைகள் கொடுக்கப்பட்டன. 1978இல்தான் ஆஸ்திரேலிய அரசு அக்குடும்பத்திடமிருந்து தீவுகளை விலைக்கு வாங்கியது. 1984இல் மக்கள் வாக்களித்து ஆஸ்திரேலியாவுடன் இணைந்தார்கள். அந்த மலாய்த் தொழிலாளரின் வழிவந்தவர்களே இன்றும் அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர்.

புதிர் என்ன?

இனிப் புதிருக்கு வருவோம். பவளத் திட்டுகளைக் கட்டுபவை மிகச் சிறிய உயிரிகள். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கல்வீடு அமைத்துக்கொள்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக அந்த வீடுகள் பெருகிப் பாறையாகின்றன. ஆனால் திட்டுக் கட்டும் பவள உயிரிகள் ஆழத்தில் வாழா. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து உணவு தயாரித்துத் தருகின்றன. பாசிக்கு வெயில் வேண்டும் என்பதை இன்று நாம் அறிவோம். அன்றைய அறிஞர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும், ஆழம் குறைந்த நீரில்தான் அவை வளர்கின்றன என்பது தெரிந்திருந்தது.

அப்படியானால், ஆழங்காண முடியாத நடுக்கடலில் பவள வளையம் எதன்மேல் நிற்கிறது? ஏன் அது வட்டமாக இருக்கிறது?

அக்காலத்தின் பெரும் நிலவியலாளர் சார்லஸ் லயல் ஒரு விடை தந்திருந்தார். கடலுக்கடியில் அவிந்துபோன எரிமலைகள் இருக்கின்றன. அவற்றின் வாய் விளிம்பில் பவளம் வளர்ந்ததால் வட்டமாக இருக்கிறது என்பது அவர் கருத்து. பீகிள் புறப்பட்டபோது பிரிட்டிஷ் கடற்படை பிட்ஸ்ராய்க்குக் கொடுத்த ஆணைகளிலும், இக்கருத்தை நேரில் ஆராய்ந்து வரும்படி ஒரு பகுதி இருந்தது. கப்பல்கள் பாறையில் மோதி நொறுங்காமலிருக்கவும், புயலுக்கு ஒதுங்க இடம் தேடவும் அந்த அறிவு தேவைப்பட்டது.

டார்வினுக்கு ஓர் ஐயம். மாலத்தீவில் 40 மைலுக்கு மேல் அகலமுள்ள வளையங்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய எரிமலை வாய் எங்கே உண்டு? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருந்தது. இத்தனை கடல்களில் இத்தனை மலைகளும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரே உயரத்தில் வந்து நின்றுவிட்டன என்றால் நம்ப முடியுமா? நிலத்தில் அப்படி உச்சி சமமான மலைத்தொடரை யார் பார்த்தார்?

காணும் முன்பே கண்ட விடை

வியப்பு என்னவென்றால், டார்வின் தம் விடையை உண்மையான பவளத்திட்டு ஒன்றைக் காணும் முன்பே, தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே சிந்தித்து முடித்துவிட்டார். 1835 பிப்ரவரி 20இல் சிலி நாட்டைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. கடலுக்குள் இருந்த சிப்பிப் படுகைகள் சில இடங்களில் நீருக்கு மேலே உயர்ந்துவிட்டதைப் பீகிள் குழுவினர் அளந்து கண்டனர். நிலம் உயர்கிறது என்றால், வேறோரிடத்தில் அது தாழவும் வேண்டுமல்லவா? கடலின் அடித்தளம் மெல்ல மெல்லத் தாழ்ந்தால் பவளத்துக்கு என்ன ஆகும்?

நீங்கள் உறைகிணறு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மணற்பாங்கான இடத்தில் முதலில் வட்டமாகச் செங்கல் சுவர் எழுப்புவார்கள். அடியில் மணலைத் தோண்டத் தோண்டச் சுவர் கீழே இறங்கும். இறங்க இறங்கக் கொத்தனார் மேலே புதிய வரிசை வைத்துக் கட்டிக்கொண்டே போவார். சுவர் பல அடி கீழே போய்விட்டாலும் அதன் மேல்விளிம்பு தரைமட்டத்திலேயே நிற்கும். பவள உயிரிகள் செய்வதும் இதுவே.

முதலில் கடலில் ஓர் எரிமலைத் தீவு. அதன் கரையை ஒட்டிப் பவளம் வளர்கிறது. இது விளிம்புத் திட்டு. மலை மெல்லத் தாழ்கிறது. பவளம் நேராக மேல்நோக்கி வளர்கிறது. இப்போது சுருங்கிய மலைக்கும் பவள மதிலுக்கும் இடையே நீர் புகுகிறது. இது தடுப்புத் திட்டு. கடைசியில் மலையுச்சியும் மூழ்கிவிடுகிறது. எஞ்சுவது நடுவே காயலும் சுற்றிலும் பவள வளையமுமே. அதுதான் வட்டத் திட்டு. அலை மோதும் வெளிப்புறத்தில் தெளிந்த நீரும் உணவும் ஓயாமல் வருவதால் பவளம் அங்கே செழிக்கிறது. மணல் படியும் உட்புறத்தில் நலிகிறது. ஆகவே வளையம் வளையமாகவே நிலைக்கிறது.

1835 நவம்பரில் தாகித்தித் தீவின் மலைமேல் ஏறி நின்று, எதிரேயிருந்த மூரியா தீவைப் பார்த்தார் டார்வின். நடுவே மலை, சுற்றிலும் காயல், அதைச் சுற்றி வெண்ணுரை பொங்கும் பவள மதில். சட்டமிட்ட படம்போல் இருந்தது. இரண்டாம் படியைக் கண்ணால் கண்டாயிற்று. மூன்றாம் படியைச் சோதிக்கும் இடம் கோகோஸ்.

கொழுப்பு சொன்ன சாட்சி

அக்காலக் கப்பல்களில் ஆழம் பார்க்க ஈயக் குண்டு இருக்கும். அதன் அடியில் ஒரு குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும், அங்குள்ள பொருள் கொழுப்பில் ஒட்டிக்கொள்ளும், அல்லது தன் தடத்தைப் பதிக்கும். கடலடியைக் கண்ணால் காணாமலே அறியும் வழி அது.

பிட்ஸ்ராய் திட்டின் வெளிப்புறச் சரிவில் பல இடங்களில் குண்டை இறக்கினார். 10 பாகம் ஆழத்துக்குள் (ஒரு பாகம் என்பது 6 அடி) கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் தடம் பதிந்து வந்தது, மணல் ஒட்டவேயில்லை. ஆழம் கூடக் கூடத் தடங்கள் குறைந்தன, மணல் மிகுந்தது. கடைசியில் மணல் மட்டுமே வந்தது. இவ்வாறு, திட்டுக் கட்டும் பவளம் 20 முதல் 30 பாகம் ஆழத்துக்குக் கீழே வேலை செய்வதில்லை என்ற முடிவுக்கு டார்வின் வந்தார்.

டார்வினும் சும்மா இருக்கவில்லை. உயிருள்ள பவளம் திட்டின் வெளிவிளிம்பில், அலை உடையும் இடத்தில் இருந்தது. கடல் மிகவும் வற்றியிருந்த நேரம் பார்த்து, நீண்ட கழியை ஊன்றித் தாவித் தாவி இரண்டு முறை அவ்விளிம்பை எட்டினார்.

பிறகு வந்தது முடிவான அளவீடு. கரையிலிருந்து 2,200 கெஜ தூரத்தில், அதாவது சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, 7,200 அடிக் கயிற்றை இறக்கியும் தரை தட்டவில்லை! பவளம் வாழ்வது மேலே 180 அடிக்குள். ஆனால் தீவு நிற்பதோ எந்த எரிமலைச் சரிவையும்விடச் செங்குத்தான பெருமலையின்மேல். அடித்தளம் தாழ்ந்தது, பவளம் வளர்ந்தது என்பதைத் தவிர வேறு விளக்கம் டார்வினுக்குத் தென்படவில்லை.

ஏப்ரல் 12இல் கப்பல் பாய் விரித்து மொரீசியசை நோக்கிச் சென்றது. ஊர் திரும்பிய டார்வின் 1837 மே 31இல் இலண்டன் நிலவியல் கழகத்தில் தம் கருத்தைப் படித்தார். லயல் தம்முடைய எரிமலை வாய்க் கொள்கையைக் கைவிட்டு, இளைஞர் சொன்னதை ஏற்றார். 1842இல் டார்வின் பவளத்திட்டுகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். உயிரினத் தோற்றம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் வந்தது அதற்கு 17 ஆண்டுகள் கழித்தே.

116 ஆண்டுகள் காத்திருந்த சான்று

எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. 1880இல் ஜான் மரே என்பவர் மாற்று விளக்கம் தந்தார். நுண்ணுயிர்களின் ஓடுகள் மழைபோல் விழுந்து கடலடி மேடுகளை உயர்த்துகின்றன. போதிய உயரம் வந்ததும் பவளம் குடியேறுகிறது. தாழ்வு எதுவும் தேவையில்லை என்றார் அவர். வழக்கைத் தீர்க்க ஒரே வழி துளையிடுவதுதான். பெருஞ்செல்வர் ஒருவர் பவளத்தீவில் சில நூறு அடி துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்று, இறப்பதற்கு முந்திய ஆண்டான 1881இல் டார்வின் ஒரு கடிதத்தில் ஆசைப்பட்டார்.

1896 முதல் 1898 வரை பசிபிக்கிலுள்ள புனாபுட்டித் தீவில் துளையிட்டார்கள். 1,114 அடி போயும் சுண்ணாம்புப் பாறையே வந்தது, அடித்தளம் எட்டவில்லை. இரு தரப்பும் தாமே வென்றதாகச் சொல்லிக்கொண்டன.

கடைசியில் 1952இல் விடை கிடைத்தது. ஆனால் கிடைத்த விதம் மனத்தை உறுத்துவது. பசிபிக்கிலுள்ள எனிவெடாக் திட்டில் அமெரிக்கா அணுகுண்டுச் சோதனைகளை நடத்திவந்தது. அதையொட்டித் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே சுண்ணாம்புப் பாறை முடிந்து எரிமலைப் பாறை தென்பட்டது. ஆழத்தில் கிடந்த சுண்ணாம்பும் ஆழமற்ற நீரில் வாழும் உயிரிகள் கட்டியதே. டார்வின் சொன்ன மூழ்கிய மலை அங்கே இருந்தது! அதே ஆண்டு நவம்பரில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில், அத்திட்டின் ஒரு தீவு அடியோடு அழிந்து பள்ளமாயிற்று.

கடலடித் தளம் ஏன் தாழ்கிறது என்பதையும் இன்று அறிவோம். புதிதாக உருவான கடல்தளம் சூடாக, உயர்ந்து இருக்கிறது. நகர்ந்து செல்லும்போது குளிர்ந்து, அடர்த்தி கூடித் தாழ்கிறது. பனியூழிக் காலங்களில் கடல்மட்டமே நூறு மீட்டருக்கு மேல் இறங்கி ஏறியதும் திட்டுகளின் வடிவை மாற்றியிருக்கிறது. இதை டார்வின் கணக்கில் எடுக்கவில்லை. நம் இலட்சத்தீவுகளும் மாலத்தீவும் அமர்ந்திருப்பது இப்படித் தாழ்ந்த எரிமலைத் தொடரொன்றின்மேல்தான். தக்காணப் பீடபூமியின் கரும்பாறைகளை உமிழ்ந்த அதே வெப்ப ஊற்றே அத்தொடரையும் உருவாக்கியது.

கொத்தனார் ஓய்ந்தால்?

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். எனிவெடாக் மலை சுமார் 5 கோடி ஆண்டுகளில் 1,250 மீட்டர் அளவு தாழ்ந்தது. அதாவது 40 ஆண்டுக்கு 1 மில்லிமீட்டர். ஆனால் 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்தபடி, உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்துவருகிறது. தாழ்வைவிட நூறு மடங்குக்கு மேல் விரைவு!

நலமுள்ள பவளம் இதற்கும் ஈடுகொடுக்கக்கூடும். பனியூழி முடிவில் கடல் இதைவிட விரைந்து உயர்ந்தபோதும் பல திட்டுகள் தாக்குப்பிடித்தன. ஆனால் கடல்நீர் சூடேறினால் பவளம் தன் உடலிலுள்ள பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடிகிறது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் இலட்சத்தீவுகளில் இந்த வெளுப்பு கடுமையாகத் தாக்கியது. கடல் ஏறினால் மணலுக்குள் மிதக்கும் நன்னீர்ப் படலமும் உப்பேறும். கிணறு கெட்டபின் அங்கே மனிதர் எப்படி வாழ்வது?

கோகோஸ் தீவுகளில் இன்று ஏறத்தாழ 600 பேர் வாழ்கிறார்கள். இலட்சத்தீவுகளிலும் மாலத்தீவிலும் பல இலட்சம் பேர். இவர்கள் காலடியிலுள்ள நிலம், மிகச் சிறிய உயிரிகள் கட்டிக்கொடுத்தது. இன்றும் கட்டிக்கொண்டிருப்பதால் நிலைத்திருப்பது. அடித்தளம் தாழும்போதெல்லாம் அந்தக் கொத்தனார்கள் ஒரு வரிசை ஏற்றி வைத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தீவைக் காத்தார்கள். அவர்கள் தொடர்ந்து வேலை செய்யத்தக்க கடலை விட்டுவைப்பது இனி நம் பொறுப்பு.